கட்டைவிரல் பட்ட இடம்

எங்கள் தெருவில் ரேடியோவின் காலைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாதவர் கிடையாது. அபிப்பிராயம் கேட்கப்படாதவள் ஒருத்திதான். காலுக்குச் சொந்தக்காரி.

ரேடியோ என்பது அவள் வாய்க்காக வந்த பெயர். வீடு வீடாகப் போய்ப் பார்சல் கொடுப்பது அவள் வேலை. பார்சலைக் கொடுக்க ஒரு நிமிஷம், பேச்சுக்கு ஐந்து நிமிஷம் என்று ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டிருந்தவளை, மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு லாரி சேற்றில் தள்ளிவிட்டுப் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. உள்ளே ஓர் உலோகத் தகடு வைத்து, எட்டுத் திருகாணி போட்டு முடுக்கினார்கள். எலும்பு கூடுவதற்குள் தகட்டின் மேல் கிருமி குடியேறிவிட்டது. ஒரு தடவை பிரித்துக் கழுவித் தைத்தார்கள். மறுபடியும் சீழ். இனி தகடு மட்டும் வெளியே வருமா, காலும் சேர்ந்து போகுமா என்பதை அடுத்த வாரம் வியாழக்கிழமை பெரிய டாக்டர் பார்த்துச் சொல்வதாக இருந்தது.

அவள் கிடந்தது அண்ணன் வீட்டு முன்னறையில். கிடந்தாள் என்று சொல்வதுகூடத் தப்பு. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் கட்டிலுக்குமாக ஒற்றைக் காலில் தத்திக்கொண்டே இருப்பாள். மழை விடுவதாக இல்லை. வீட்டுக்குள் கட்டிய கொடிகளில் துணி நாலு நாளாகக் காயாமல் ஒரு வாடை அடித்தது. அந்த ஈரத் துணிகளுக்கு நடுவே அவள் தலை அங்கே ஒரு தரம் இங்கே ஒரு தரம் தெரியும்.

அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தகடுதான் பிழைப்பு. அண்ணன், எலும்புக்கு வைக்கிற தகடுகள் செய்யும் பணிமனையில் பாலிஷ் போடுகிறவர். அண்ணி, அந்தத் தகடுகளில் கிருமி ஒட்டாமல் இருக்கப் பூச்சு கண்டுபிடிக்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். தங்கை, தகட்டைக் காலுக்குள் வைத்துக்கொண்டிருப்பவள்.

"வாசல்ல ஒரு போர்டு மாட்டிடலாம் அண்ணி. செய்யறது, பூசறது, கெட்டுப்போறது, மூணும் ஒரே எடத்துல" என்பாள் ரேடியோ.

அண்ணிக்கு ஆய்வுக்கூடத்தில் இலைக்காரி என்று பெயர். படித்தவர்கள் வைத்த பெயர்தான், கிண்டலும் பாசமும் பாதிப் பாதி. ஆய்வுக்கூடத்தின் பின்வேலியில் ஒரு செடி மண்டிக் கிடந்தது. ஆடுகூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அதன் இலையை விடியற்காலையில் பறித்து, மூன்று தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பொடியாக நறுக்கிக் கொதிக்கவைத்து வடிகட்டுவாள். தேநீர் நிறத்தில் ஒரு சாறு இறங்கும். அதை வெள்ளி உப்புக் கரைசலில் விட்டால் மெல்ல மெல்லக் கறுத்து மரப்பட்டை நிறத்துக்கு வரும். அதில் தகட்டை முக்கி எடுத்தால் கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள் மேலெல்லாம் படியும். அதன் மேல் கிருமி உட்கார்ந்தால் பிழைக்காது. மற்றவர்கள் இதைக் கடும் ரசாயனங்களை வைத்துச் செய்தார்கள். இங்கே இலையும் வெந்நீரும். நான்கு வருஷமாக அவள் இதே வேலையாக இருந்ததில், குளித்துவிட்டு வந்தாலும் அவள் மேல் அந்தப் பச்சை வாடை இருக்கும்.

ஆய்வுக்கூடத் தலைவியை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். ஊசி போடத் தெரியாத டாக்டர். ஆனால் நோட்டுப் புத்தகம் என்றால் புலி. கை கழுவினாலும் எழுத வேண்டும், கை தவறிக் கொட்டினாலும் எழுத வேண்டும். "எழுதாத வேலை செய்யாத வேலை" என்பது அவள் மந்திரம்.

இப்போது இரண்டு மாதமாக இலைக்குக் கெட்ட காலம். பத்துத் தகட்டில் பூச்சுப் போட்டால் ஆறில் கிருமி செத்தது, நாலில் பிழைத்தது.

"இலை ஒரே சீரா இல்லம்மா" என்றாள் டாக்டரம்மா அந்தச் செவ்வாய்க்கிழமை. "மழையில வளந்த இலை, வெயில்ல வளந்த இலை, ஒண்ணு போல ஒண்ணு இருக்காது. வெள்ளிக்கிழமை கூட்டத்துல கேப்பாங்க. இதே மாதிரி நாலு தகடு கெட்டுப்போச்சுன்னா இலைய மூட்டை கட்டிட்டு எல்லாரும் செய்யற வழிக்கே போக வேண்டியதுதான்."

"நான் கொதிக்கவைக்கிறதுல ஏதாவது தப்பா மேடம்?"

"உன்னைச் சொல்லல. இலையைச் சொல்றேன்."

இலையைச் சொன்னால் என்ன, இலைக்காரியைச் சொன்னால் என்ன? அவளுக்குச் சுருக்கென்றது. கெட்டுப்போன நாலு தகட்டையும் ஊதாச் சாயத்தில் முக்கினாள். கிருமி உயிரோடு இருக்கிற இடம் மட்டும் ஊதா பிடிக்கும். வழக்கமாக அவள் அதைச் செய்து படம் எடுத்து வைத்துவிட்டுப் போவாள். அன்று கோபத்தில் பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

தகட்டின் ஓரத்தில், நாலிலும் ஒரே இடத்தில், முட்டை வடிவத்தில் ஊதாக் கறை. உள்ளே வளைந்து வளைந்து கோடுகள். கோடுகளுக்குக் குறுக்கே, சாய்வாக, ஊதா பிடிக்காத ஒரு வெள்ளைக் கீற்று.

அந்தக் கீற்றை அவளுக்குப் பதினாறு வருஷமாகத் தெரியும். கல்யாணமான புதிதில் பாலிஷ் போடுகிற பஃப் சக்கரம் இழுத்துக் கிழித்த அவள் வீட்டுக்காரரின் வலது கட்டைவிரல் அது. தையல் பிரித்த அன்று அவள்தான் பக்கத்தில் நின்றாள்.

பாலிஷ்காரருக்கு அந்த விரல்தான் சொத்து. தகட்டை வெட்டித் துளை போட்டால் ஓரத்தில் பிசிறு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடிக்கும் பாதிதான் தெரியும். அவர் கட்டைவிரலை ஓட்டினால் தெரியும். பிசிறு இருந்தால் உள்ளே சதையை அறுக்கும். பணிமனையில் எல்லோரும் கையுறை போட வேண்டும் என்று உத்தரவு. இவர் மட்டும் வலது கையில் கழற்றிவிடுவார். ஃபோர்மேன் இரண்டு தடவை எழுதிக் கொடுத்து எச்சரித்தாயிற்று. மூன்றாவது தடவை பிடிபட்டால் பாலிஷ் மேஜையை விட்டே இறக்கிவிடுவதாகப் பேச்சு.

"உறை போட்டுக்கிட்டுப் பிசிறு பாக்கறது, மூக்கப் பொத்திக்கிட்டுப் பூ வாங்கற மாதிரி" என்பார் அவர்.

அன்று மாலை வீட்டில் அவர் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் ஓட்டை நெம்பி, தோல் ஒரே சுருளாக வருகிறமாதிரி உரிப்பார். அவள் அந்த விரலையே பார்த்தாள்.

"என்ன, அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்ல. எங்க லேபுக்கு வர தகட்ட நீங்கதான் பாக்கறீங்களா?"

"நானேதான். ரெண்டு மாசமா. உங்க லேபுக்குப் போறதுன்னு சீட்டுல பாத்தேன். வேற எவன் கையிலயும் குடுக்கறதில்ல." அவர் முகம் மலர்ந்தது. "கழுவி, காய வச்சு, பைக்குள்ள போடறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவ சந்தேகமானத எடுத்துப் பாப்பேன். கழுவற பசங்க எங்க உருட்டி எங்க கீறல் விழுந்துதோ. உன் கைக்கு வரப்ப ஒரு குத்தம் இருக்கக் கூடாது, பாரு."

அவள் பிட்ட ரொட்டியைத் தட்டிலேயே போட்டாள். கழுவிய பிறகு தொடுகிறார். விரலில் இருக்கிற எண்ணெய்ப்பசை தகட்டில் ஒட்டி, அதே பையில் அடைபட்டு அவளிடம் வருகிறது. பையைப் பிரித்ததும் அவள் நேரே சாற்றில் முக்குகிறாள். பசை இருக்கிற இடத்தில் வெள்ளி எப்படிப் பிடிக்கும்? அவர் அவளுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் அவளைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

சாப்பிட்டதும் அவர் எழுந்து தங்கையின் கட்டிலுக்குப் போனார். தினமும் நடப்பதுதான். கட்டுக்கு மேலே, தோல் சிவந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். "சூடு கொறஞ்சிருக்கு."

"உனக்குக் கொறஞ்சிருக்கு" என்றாள் ரேடியோ. "டாக்டர் பேப்பரப் பாக்கறாரு, நர்ஸு கண்ணாடி வழியா கட்டப் பாக்குது, நீ வெரல வச்சுப் பாக்கற. யாராவது என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீ கேக்காமலே பேசுவியே, தாயே."

எல்லோரும் சிரித்தார்கள். ரேடியோவும் சிரித்தாள். நடைச்சட்டத்தை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

இலைக்காரி சொல்லவில்லை. சொன்னால் ஃபோர்மேன் வரைக்கும் போகும். இருபது வருஷம் பாலிஷ் போட்ட மனுஷன் மூலையில் நிற்பார். சொல்லாவிட்டால் இலை போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும் என்று அவள் மனசு தேடிக்கொண்டே இருந்தது. பாத்திரத்தைக் கழுவினாள், கழுவினதையே திரும்பக் கழுவினாள்.

சந்து கிடைத்தது. புதன்கிழமை காலையில் பத்துத் தகட்டுப் பையைப் பிரித்தவள், யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து ஒவ்வொன்றையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு முக்கினாள். நோட்டில் எழுதவில்லை. நான்கு வருஷத்தில் அவள் எழுதாமல் விட்ட முதல் வேலை அது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்குக் கையே குறுகுறுத்தது.

வெள்ளிக்கிழமை பத்துத் தகட்டிலும் ஒரு பொட்டு ஊதா இல்லை.

டாக்டரம்மா அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "பாத்தியா! இலை நல்ல இலைதான். கூட்டத்துல ஒத்துக்கிட்டாங்க. பெரிய பணிமனையில வச்சு நூறு நூறா பூசப் போறாங்க. அதுவும் சரியா வந்தா அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகும். உன் நோட்டுல இருக்கிறத அப்படியே, ஒரு எழுத்து மாறாம, அங்க செய்யப் போறாங்க."

உன் நோட்டில் இருக்கிறதை அப்படியே! திருடனுக்குத் தேள் கொட்டினமாதிரி அவள் நின்றாள். நோட்டில் இல்லாத ஒரு துடைப்பில்தான் எல்லாமே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அது வெடித்தது. வெளியே மழை, உள்ளே மூன்று பேர், ஈரத் துணி. பாலிஷ்காரர் நல்ல செய்தியைக் கேள்விப்பட்டு உற்சாகமாக இருந்தார்.

"நான் பாத்து அனுப்பினதாச்சே. தோத்துப்போகுமா?"

"நீங்க பாத்து அனுப்பினதாலதான் தோத்துச்சு!" என்றாள் அவள். நாலு நாள் அடக்கியது ஒரே மூச்சில் வந்துவிட்டது. பூதக்கண்ணாடி, ஊதாக் கறை, வெள்ளைக் கீற்று, ஸ்பிரிட் துணி, எல்லாம்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. வலது கையைத் திருப்பி வைத்துக்கொண்டு கட்டைவிரலைப் பார்த்தார்.

"என் வெரலா?"

"உங்க வெரல்தான். தழும்போட."

"பிசிறு இருந்தா பரவாயில்லையா? உள்ள போயி அறுத்தா பரவாயில்லையா?"

"பிசிறு பாக்க வேணாம்னு யாரு சொன்னா? கழுவறதுக்கு முன்னாடி பாருங்க. கழுவின பிறகு எதுக்குத் தொடறீங்க?"

"உனக்குத்தான்டி தொட்டேன்!" என்று கத்தினார். அப்படி அவர் கத்தி நான் கேட்டதில்லை. பக்கத்து வீடான எங்கள் வீட்டுச் சுவர் வழியாகவே கேட்டது.

பிறகு அவர் குரல் வேறுமாதிரி வந்தது. "அப்ப இவ காலுல இருக்கறது? அதுவும் எங்க பணிமனைத் தகடுதானே. அதையும் நான்தான..."

"ஐயோ, அது வேறங்க. அது வெறும் தகடு, பூச்சு இல்ல. ஆஸ்பத்திரில கழுவி, ஆவியில வேக வச்சுத்தான் உள்ள வைக்கறாங்க. உங்க வெரல் அதுல என்ன பண்ணும்? ரோட்டுச் சேறு புண்ணுக்குள்ள போச்சு. அதான்."

"உனக்கு எப்படித் தெரியும்? நாலு நாளைக்கு முன்னாடி வரைக்கும் இதுவும் உனக்குத் தெரியாது."

அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து கொடித் துணியை ஒதுக்கிவிட்டு வாசல் வரை போய்த் திரும்பினார். விரலைச் சட்டையில் தேய்த்தார். அவள் கெஞ்சினாள். "விடுங்க. நான் பாத்துக்கறேன். நானே தொடைச்சுக்கறேன். யாருக்கும் தெரிய வேணாம். உங்க மேஜ உங்களுக்கு, என் இல எனக்கு."

அதுவரை ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே ஓர் அதிசயம்.

"அண்ணி" என்றாள். "பெரிய பணிமனையில பூசி, யாரோ ஒருத்தி காலுக்குள்ள வைக்கப் போறாங்க, இல்ல?"

"ஆமா."

"அங்க யாரு தொடைப்பா?"

அண்ணி கொடியிலிருந்து ஒரு ஈரத் துணியை இழுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"நீ போயி ஒவ்வொருத்தி தகட்டையும் தொடைச்சுட்டு வருவியா? கிருமி ஒட்டாத தகடுன்னு நம்பி ஒருத்தி படுப்பா. தையல் போட்டு மூடிடுவாங்க. அப்புறம் இந்த மாதிரி வாடை வரும்." தன் கட்டைக் காட்டினாள். "துணி காயாத வாடைன்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லிக்கிறீங்களே, அது துணியில்ல அண்ணி. நான்தான். எனக்குத் தெரியாதா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்த வீடு அது. அன்றைக்கு அவள் அதை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தாள். அண்ணி அழுதாள். பாலிஷ்காரர் வெளியே மழையில் போய் நின்றார்.

திங்கட்கிழமை காலையில் இலைக்காரி நோட்டைத் திறந்து, புதன்கிழமைப் பக்கத்துக்குப் போய், அடியில் இன்றைய தேதி போட்டு எழுதினாள். "பூசுவதற்கு முன் பத்துத் தகடுகளையும் ஸ்பிரிட்டால் துடைத்தேன். அன்று எழுதவில்லை. காரணம், முந்தைய நான்கு தகடுகளில் கட்டைவிரல் ரேகை இருந்தது. அது என் கணவருடையது." எழுத்து கோணியிருந்தது. நோட்டை டாக்டரம்மா மேஜையில் வைத்துவிட்டு, திட்டு வாங்குகிற தினுசில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா இரண்டு தரம் படித்தாள். முகம் சிவந்தது. "வெள்ளிக்கிழமை நான் கூட்டத்துல என்னென்ன சொல்லிட்டு வந்திருக்கேன் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். அதற்குள் காவலாளி வந்து, வெளியே ஓர் ஆள் நிற்பதாகவும் உள்ளே விடச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்பதாகவும் சொன்னான்.

பாலிஷ்காரர்தான். வேலைக்குப் போகாமல் மழையில் நனைந்து வந்திருந்தார். டாக்டரம்மாவின் முன்னால் வலது கையை நீட்டினார்.

"இதாங்க அந்த வெரல். அவளத் திட்டாதீங்க. எனக்கு இன்னும் நம்பிக்கையில்ல. ஒரு வெரல் இவ்வளவு பண்ணுமான்னு நானே பாக்கணும். ஒரு தகடு குடுங்க."

டாக்டரம்மாவின் கோபம் எங்கே போயிற்றோ. ஆராய்ச்சிக்காரிக்குச் சோதனை என்றால் போதும். மூன்று தகடுகள் எடுக்கச் சொன்னாள். ஒன்று தொடாதது. ஒன்று அவர் தொட்டது. ஒன்று தொட்டுவிட்டு ஸ்பிரிட்டால் துடைத்தது. மூன்றும் ஒரே சாற்றில், ஒரே நேரம். இலைக்காரி ஒவ்வொன்றையும் எழுதினாள்.

புதன்கிழமை மத்தியானம் பார்க்கக் கூப்பிட்டார்கள். தொடாத தகடு சுத்தம். துடைத்த தகடு சுத்தம். நடுவில் இருந்ததில், அவர் விரல். அவர் குனிந்து பூதக்கண்ணாடியில் வெகு நேரம் பார்த்தார்.

"எத்தன கோடு" என்றார். "இருபது வருஷமா இத நம்பினேன். ஒரு நாள் இதப் பாத்ததில்ல."

துடைப்பது முறையில் ஒரு படியாக ஏறியது. டாக்டரம்மா கூட்டத்துக்குத் திருத்தம் எழுதினாள், இலைக்காரிக்கும் ஒரு கண்டிப்புக் கடிதம் எழுதினாள். இலை பிழைத்தது. அவர் வேலை பார்க்கிற பணிமனைக்கும் அன்றைக்கே ஒரு நகல் போயிற்று. ஃபோர்மேன் சொன்ன சொல் தவறாதவர். பாலிஷ்காரரை மேஜையிலிருந்து இறக்கிக் கழுவும் பகுதிக்குப் போட்டுவிட்டார். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. நியாயம்தான் என்று தெருவில் எல்லோரும் சொன்னோம். ஆனாலும் அன்று மாலை அவர் தெருவில் நடந்து வந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

விடிந்தால் வியாழக்கிழமை, ஆஸ்பத்திரி. வீட்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். அண்ணி சூப் வைத்திருந்தாள், யாரும் குடிக்கவில்லை. பாலிஷ்காரர் கொல்லைக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். பையிலிருந்து ஒரு ஜோடி கையுறை எடுத்து மாட்டிக்கொண்டு தங்கை கட்டிலில் உட்கார்ந்தார்.

"என்னண்ணா, ஆபரேஷன நீயே பண்ணிடப் போறியா?"

அவர் கட்டுக்கு மேலே கையைக் கொண்டுபோனார். தொடுவதற்கு முன் நிறுத்தினார்.

"உறையப் போட்டுக்கிட்டா சூடு தெரியுமா உனக்கு?" என்றாள் ரேடியோ.

"தெரியாது."

"அப்புறம்?"

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். "நீ சொல்லு. எப்படி இருக்கு? எங்க வலிக்குது?"

ரேடியோ வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பார்சல் கொடுக்கப் போன வீட்டிலெல்லாம் பேசிய வாய், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. பிறகு, வேறு யாரோ பேசுகிறமாதிரி மெல்லச் சொன்னாள்.

"மேல இல்லண்ணா. நீ அமுக்கிப் பாக்கற எடத்துல ஒண்ணுமே இல்ல. கீழ, கணுக்காலுக்குப் பக்கத்துல, உள்ள. பத்து நாளா. எலும்புக்குள்ள யாரோ நகத்தால கீறற மாதிரி. மத்தியானத்துல ஒரு குளிர் வருது, பல்லு தந்தியடிக்குது. நீங்க வர்றதுக்குள்ள போயிடும். பெருவெரல் மரத்துப் போச்சு, கிள்ளினா தெரியல."

"பத்து நாளா? ஏன்டி சொல்லல?" என்றாள் அண்ணி கதவோரத்திலிருந்து.

"கேட்டாதானே."

பாலிஷ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி உள்ளே ஓடிப்போய்த் தாளும் பேனாவும் எடுத்துவந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். தேதி போட்டாள். கணுக்கால் என்று எழுதினாள், உள்ளே என்று எழுதினாள், மத்தியானக் குளிர் என்று எழுதினாள். பெரிய டாக்டருக்கு முன்னால் பேசத் தடுமாறினாலும் தாளை நீட்டிவிடலாம் என்பது அவள் கணக்கு.

"அப்புறம்?" என்றார் அண்ணன்.

ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மெதுவா எழுது அண்ணி" என்றாள். "இன்னும் நெறைய இருக்கு."